மருந்துக்கு அடங்காத டிபி: பாதியில் நிறுத்தியவர்களால் மட்டும்தானா?

சாட்ஸ்வர்த் பெரியவர்
போன வாரம் கோவில் மண்டபத்தில் டிபி பற்றிப் பேசியவர், ஆறு மாத மருந்தை ரெண்டு மாதத்தில் நிறுத்துகிறவர்களால்தான் மருந்துக்கு அடங்காத டிபி வருகிறது என்றார். சரியான பேச்சு. இருமல் நின்றதும் மாத்திரையை ஓரம்கட்டிவிடுகிறார்கள். மருந்தைத் தாங்கிய மிச்சக் கிருமிகள் பெருகிவிடுகின்றன. இலவசமாகக் கொடுத்தும் விழுங்க வலிக்கிறதா?

பீனிக்ஸ் நர்ஸ்
ஐயா, துகேலா ஃபெரி ஊர் நினைவிருக்கிறதா? தென்னாப்பிரிக்காவில் நம் குவாசுலு-நட்டால் மாகாணத்தில்தான். 2005-06இல் அங்கே எக்ஸ்டிஆர் டிபி, அதாவது முக்கியமான மருந்துகள் பலவற்றுக்கும் அடங்காத டிபி, கண்ட 53 பேரில் 52 பேர் இறந்தார்கள். சோதனைக்குச் சளி எடுத்து 16 நாளுக்குள் பாதிப் பேர் போய்விட்டார்கள். அவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் அதற்கு முன் டிபி மருந்தைத் தொட்டதே இல்லை. தொடாத மருந்தை எங்கே பாதியில் நிறுத்துவது?

சாட்ஸ்வர்த் பெரியவர்
அவர்களுக்கு எச்ஐவி இருந்ததம்மா. அதை ஏன் விட்டுவிட்டாய்?

பீனிக்ஸ் நர்ஸ்
விடவில்லை. பரிசோதித்த அத்தனை பேருக்கும் எச்ஐவி இருந்தது உண்மை. அது ஆளைச் சீக்கிரம் சாய்க்கும். மருந்தைத் தாங்கும் சக்தியைக் கிருமிக்குக் கொடுக்காது. அந்தக் கிருமி அவர்களுக்கு அடுத்தவர் இருமலில் வந்தது. பலர் சற்று முன்புதான் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தவர்கள். 2017இல் வெளிவந்த ஆய்வையும் பாருங்கள்: இதே மாகாணத்தில் 404 எக்ஸ்டிஆர் நோயாளிகள், அதில் 69 சதவீதம் பேருக்கு மருந்துக்கு அடங்காத கிருமியே அடுத்தவரிடமிருந்து தொற்றித்தான் வந்திருக்கிறது.

லேப் பையன்
ரெண்டு பேருக்கும் நடுவில் ஒன்று சொல்கிறேன். துகேலா ஃபெரி கிருமியின் மரபணுவைப் படித்து வம்சாவளி போட்டிருக்கிறார்கள். ஐசோனியாசிட் என்ற டிபி மருந்து புழக்கத்துக்கு வந்தது 1952இல். அதைத் தாங்கும் மாற்றம் இந்தக் கிருமிக்கு 1950களின் கடைசியிலேயே வந்துவிட்டது. பிறகு ஒவ்வொரு மருந்தாகத் தாங்கப் பழகி, 1990களின் நடுவில் எக்ஸ்டிஆர் ஆகிவிட்டது. ஆஸ்பத்திரியில் வெடித்தது அதற்குப் பத்து வருடம் கழித்து.

சாட்ஸ்வர்த் பெரியவர்
பார்த்தாயா, தொடக்கம் மருந்தில்தானே!

பீனிக்ஸ் நர்ஸ்
மருந்தில்தான், ஆனால் நோயாளியின் சோம்பலில் என்று யார் சொன்னது? மருந்து தீர்ந்துபோன கிளினிக், மருந்தைத் தாங்குகிற கிருமி என்று தெரியாமல் அதே மாத்திரையைக் கொடுத்த டாக்டர், இவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ரிஃபாம்பிசின் என்ற முக்கிய டிபி மருந்து வேலை செய்யுமா என்று ரெண்டு மணி நேரத்தில் சொல்லும் ஜீன்எக்ஸ்பர்ட் சோதனை 2011இலிருந்துதான் இங்கே பரவலாக வந்தது. அதற்கு முன் கிருமியை லேபில் வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதுவரை ஆள் தப்பு மருந்தைத் தவறாமல் விழுங்கிக்கொண்டே வார்டில் இருமிக்கொண்டிருப்பார்.

சாட்ஸ்வர்த் பெரியவர்
இப்போது பெடாகுவிலின் என்ற புது டிபி மருந்துக்கும் கிருமியிடம் எதிர்ப்பு வருகிறதாமே. அதையும் காற்று மேல் போடுவாயா? நோயாளி விழுங்கினாரா என்று மாத்திரை எண்ணுவதை நான் விடச் சொல்ல மாட்டேன்.

பீனிக்ஸ் நர்ஸ்
எண்ணுங்கள், நானும் தினம் எண்ணுகிறேன். மண்டபத்தில் அடுத்த பேச்சு வைத்தால் கிளினிக்கில் காத்திருக்கும் அறையைப் பற்றியும் பேசச் சொல்லுங்கள். அடைத்த அறையில் அறுபது பேர், நடுவில் இருமுகிறவர் ஒருவர்.

சாட்ஸ்வர்த் பெரியவர்
ஜூலைக் குளிரில் யாரம்மா ஜன்னலைத் திறப்பார்கள்?

பீனிக்ஸ் நர்ஸ்
இருமுகிறவரை முதல் ஆளாகக் கூப்பிட்டுப் பார்த்து அனுப்பலாமே. அதற்கு ஜன்னல்கூட வேண்டாம்.