‘காஸ்ட் எஃபெக்டிவ்’: சிக்கனம் போதுமா?

அன்புள்ள கலைச்சொல் குழுவினருக்கு,

கருப்பை அகற்றும் அறுவை பற்றிய கட்டுரை ஒன்றைத் தமிழில் எழுதுகிறேன். வயிற்றைத் திறந்து செய்வதைவிட, சிறு துளைகளிட்டுக் கேமரா வழியே பார்த்துச் செய்யும் லேப்ராஸ்கோப்பி செலவுக்கேற்ற பயன் தருமா, அதாவது ‘காஸ்ட் எஃபெக்டிவ்’தானா என்பது பொருள். ‘சிக்கனமான’ என்று எழுதிவிடலாமா? உடலை மிகக் குறைவாகக் காயப்படுத்தும் அறுவைகளைக் குறிக்கும் ‘மினிமலி இன்வேசிவ்’ என்பதற்கு நாளிதழ்களின் ‘நுண்துளை அறுவை’ போதுமா?

*

ஐயா,

சிக்கனம் வேண்டாம். லேப்ராஸ்கோப்பியில் அறுவை அரங்கச் செலவு பெரும்பாலும் கூடத்தான் செய்யும். ஒருமுறை பயன்படுத்தி எறியும் கருவிகளே அதற்கு முக்கியக் காரணம். மிச்சமாவது பிறகுதான். படுக்கை நாட்கள் குறைகின்றன. அந்தப் பெண் சீக்கிரம் வேலைக்குத் திரும்புகிறார். இந்த இரண்டாவது ஆதாயம் மருத்துவமனைக் கணக்கில் ஏறுவதே இல்லை! ஆகவே யாருடைய செலவு என்று கேட்காமல் விடை சொல்ல முடியாது.

கருப்பை அகற்றும் முறைகளை ஒப்பிட்டு 2004இல் வெளியான ‘இவேல்யுவேட்’ ஆய்வின் முடிவைப் பாருங்கள். பிறப்புறுப்பு வழியாகக் கருப்பையை அகற்றுவதோடு ஒப்பிட்டால் லேப்ராஸ்கோப்பி செலவுக்குத் தகாது. வயிற்றைத் திறப்பதோடு ஒப்பிட்டால் முடிவு இழுபறி. தொடக்கநிலைக் கருப்பைவாய்ப் புற்றுநோயிலோ, 2018இல் வெளிவந்த ‘லேக்’ ஆய்வில் திறந்த அறுவை பெற்றவர்களே கூடுதலாக உயிர்பிழைத்தார்கள். அங்கே லேப்ராஸ்கோப்பி எவ்வளவு மலிவாக இருந்து என்ன பயன்? சிக்கனம் என்ற சொல் இந்த வேறுபாட்டை விழுங்கிவிடும்.

‘செலவுத்திறன்’ என்பதிலும் எனக்கு உடன்பாடில்லை. திறன் ஏற்கெனவே ‘எஃபிஷியன்சி’க்குப் போய்விட்டது. ‘செலவு–விளைபயன்’ என் பரிந்துரை. பயனையும் பணமாக்கிக் கணக்கிடும் முறைக்குச் ‘செலவு–ஆதாயம்’ இருக்கட்டும்; இங்கே பயன் உடல்நலத்தில், அதாவது தரம் சீரமைத்த வாழ்வாண்டுகளில் (வாழும் ஆண்டுகளை அவற்றின் உடல்நலத் தரத்துக்கேற்ப எடைபோட்ட கணக்கில்), அளக்கப்படுகிறது.

நுண்துளையும் பொருந்தாது. பிறப்புறுப்பு வழி அறுவையில் வயிற்றில் துளையே கிடையாது, அதுவும் ‘மினிமலி இன்வேசிவ்’ வகைதான். ‘குறைகீறல் அறுவை’ எனலாமே?

*

அம்மா,

விளைபயனை ஏற்கிறேன். குறைகீறல் இடிக்கிறது: கருப்பைக்குள் கேமராவைச் செலுத்திப் பார்க்கும் ஹிஸ்டரோஸ்கோப்பி மூலம் பாலிப் என்ற சதை வளர்ச்சியை அகற்றும்போது கருவி கருப்பைவாய் வழியே போகிறது, கீறலே இல்லை. ‘குறையூறு அறுவை’ என்றால்? ஊறு என்பதில் காயமும் அடங்கும்.

*

அகராதிக்குக் குறையூறு நன்று. ஒப்புதல் படிவத்தில் அதைப் படிக்கும் நோயாளி, ஏதோ குறைபாடுள்ள அறுவை என்று பயந்துவிடுவார். படிவத்தில் ‘வயிற்றைத் திறக்காத அறுவை’ என்றே எழுதுங்கள்.