போல்டர் பெயர் போதுமா, டேக் வேண்டுமா?

வாவிக்கரை:
போன மாதம் எங்கள் ஊரில் கூத்துப் பழக்கும் அண்ணாவியார் ஒருவர் காலமானார். 31ஆம் நாளுக்குப் படம் வேண்டும் என்று பிள்ளைகள் வந்து கேட்டார்கள். 12 வருடமாகக் கூத்துப் படம் எடுக்கிறேன். எல்லாம் வருடம், மாதம், கூத்தின் பெயர் என்று போல்டர்களில் ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த மனிதர் ஆடுபவர்களுக்கு அவரவர் பாட்டைச் சட்டமாக எழுதிக் கொடுத்த நாளிலும் நிற்கிறார், சதங்கை அணி விழாவிலும் நிற்கிறார், பக்கத்து ஊர் அரங்கேற்றத்தில் மத்தளத்தோடும் நிற்கிறார். 2 இரவு கண் முழித்துத் தேடினேன். போல்டர் நாளைச் சொல்லும், ஆளைச் சொல்லாது. படத்தில் யார், என்ன இருக்கிறது என்று எழுதி வைக்கும் டேக் போடாமல் படம் சேர்க்காதீர்கள்.

கல்முனை ஸ்டூடியோ:
தம்பி, நான் கலியாணப் படம் எடுக்கிறவன். ஒரு கலியாணத்துக்கு 3000 படம் வரும். வருகிறவர்கள் கேட்பது திகதியும் மாப்பிள்ளையின் பெயரும்தான். இரண்டும் போல்டர் பெயரிலேயே இருக்கிறது, உடனே எடுத்துக் கொடுப்பேன். டேக்கையும் ஒரு காலம் நம்பினேன். ஒரு மென்பொருளில் 3 மாதம் உட்கார்ந்து போட்டேன். கணினி பழுதாகி, ஹார்ட் டிஸ்க்கை வேறொன்றில் மாட்டினால் படமெல்லாம் இருக்கிறது, ஒரு டேக்கும் இல்லை. போல்டர் பெயர் அப்படிக் கைவிடாது.

வாவிக்கரை:
அண்ணன், உங்கள் டேக் எங்கே எழுதப்பட்டது என்பதுதான் கேள்வி. பல மென்பொருள்கள் அதைத் தங்கள் தரவுத்தளத்தில் மட்டும் வைத்துக்கொள்ளும். லைட்ரூம் கிளாசிக்கில் அது கேட்டலாக் என்ற அதன் தரவுத்தளத்தில் இருக்கும், படங்களைத் தெரிவு செய்து கண்ட்ரோல் எஸ் அழுத்தினால் ஜேபெக் கோப்புக்குள்ளும் போகும். டிஜிகாம் என்ற மென்பொருள் இலவசம். முதல் தடவை திறக்கும்போதே தகவலைக் கோப்பில் சேர்க்கவா என்று கேட்கும், ஆம் என்று சொல்லுங்கள். கமராவின் மூலக் கோப்பான ரோ கோப்புக்கு எக்ஸ்எம்பி என்ற துணைக் கோப்பைப் பக்கத்தில் எழுதச் சொல்லலாம். படத்தை நகர்த்தினால் அதையும் சேர்த்தே நகர்த்த வேண்டும். கூகுள் 2016இல் பிக்காசா என்ற பட மென்பொருளை நிறுத்தியதே, அப்படி எந்த மென்பொருளும் ஒரு நாள் போகலாம். கோப்புக்குள் எழுதினது படத்தோடு கூடவே வரும்.

ஓட்டமாவடியான்:
திகதியையும் அவ்வளவு நம்பாதீர்கள். 1978 சூறாவளிக்குப் பிறகு வாப்பா எடுத்த படங்களை ஸ்கேன் பண்ணி வைத்தேன். திகதிப்படி வடிகட்டினால் அவை 2022இல் போய் நிற்கின்றன, அது ஸ்கேன் பண்ணின வருடம். வட்ஸ்அப்பில் சாதாரணமாக வந்த படத்திலும் எடுத்த திகதி போன்ற, கமரா பதிந்த எக்ஸிஃப் தகவல் இருக்காது. எடுத்த திகதியைக் கையால் திருத்தாவிட்டால் எந்த வடிகட்டியும் பிழையாகத்தான் காட்டும்.

கல்முனை ஸ்டூடியோ:
கோப்புக்குள் எழுதலாம் என்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. சரி, ஆனாலும் 3000 படத்துக்கு யார் இருந்து டேக் போடுவது?

வாவிக்கரை:
3000க்கும் வேண்டாம். முதலில் படங்களுக்குத் தரத்துக்கேற்ப நட்சத்திரம் கொடுங்கள். 3 நட்சத்திரமும் அதற்கு மேலும் மட்டும் வடிகட்டினால் ஒரு 200 மிஞ்சும். ஒரே ஆள் நிற்கும் படங்களை ஒன்றாகத் தெரிவு செய்து ஒரே தடவையில் போடலாம். டேக் இல்லாத படங்களை மட்டும் காட்டும் வடிகட்டியும் டிஜிகாமில் உண்டு, விடுபட்டவை அதில் தெரிந்துவிடும். தேடும்போது ஒன்றைக் கவனியுங்கள். அண்ணாவியார், மத்தளம் என்று 2 டேக்கைத் தெரிவு செய்தால், இரண்டும் உள்ள படமா, ஏதாவது ஒன்று உள்ள படமா என்பதையும் நீங்கள்தான் சொல்ல வேண்டும். ஏதாவது ஒன்று என்று விட்டுவைத்தால் மத்தளம் உள்ள படமெல்லாம் வந்து குவியும். தேடல் சரியில்லை என்று பலர் கைவிடுவது இந்த இடத்தில்தான். அண்ணாவி என்று ஒரு தடவை, அண்ணாவியார் என்று ஒரு தடவை எழுதினாலும் அவை வேறு வேறு டேக்.

கல்முனை ஸ்டூடியோ:
கலியாணத்துக்கு நான் போல்டரை விடமாட்டேன், அது என் தொழிலுக்குச் சரியாக இருக்கிறது. ஆனால் எங்கள் அம்மம்மாவின் படங்கள் எத்தனை போல்டரில் சிதறிக் கிடக்கின்றன என்று யோசித்தேன். இந்த ஞாயிறு அவற்றுக்குப் போடுகிறேன்.

ஓட்டமாவடியான்:
முதலில் 10 படத்துக்கு மட்டும் போடுங்கள் அண்ணன். அவற்றைப் பென் டிரைவில் எடுத்துப்போய் வேறொரு கணினியில் திறந்து, டேக் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் மிச்சத்தைத் தொடங்கலாம்.