கரை தெரியாத நாட்களில் பொழுது எப்படிப் போனது? அனுபவம் சொல்லுங்கள்

பாம்பன்காரன்:

கொச்சியிலிருந்து சீஷெல்ஸுக்கு ஒரு பாய்மரப் படகைக் கொண்டுபோய் ஒப்படைக்க ஆள் தேடினார்கள், போய் வந்தேன். நாற்பது அடிப் படகு, மூன்று பேர். ஊர் திரும்பியதும் எல்லோரும் கேட்டது புயல் அடித்ததா, சுறா வந்ததா என்றுதான். ஒன்றுமே வரவில்லை, அதுதான் பெரும்பாடு. சுமார் 1,500 கடல் மைல், இரண்டு வாரத்துக்கு மேல் சுற்றிலும் தண்ணீர் மட்டும்.

தை மாதம் என்பதால் வாடைக் காற்று முதுகுப் பக்கமிருந்து தள்ளியது. மினிக்காய்க்கும் மாலத்தீவுக்கும் நடுவிலுள்ள எட்டு டிகிரிக் கால்வாயைத் தாண்டும்வரை உற்சாகம்தான். அப்புறம் பூமத்திய ரேகை நெருங்க நெருங்க காற்று விழுந்துவிட்டது. இங்கே வாடையும் கச்சானும் (தென்மேற்குக் காற்று) மாறுகிற சமயத்தில் கடல் எண்ணெய் ஊற்றினாற்போலக் கிடக்குமே, அதே கடல், நாள் கணக்கில். அலை மட்டும் எங்கிருந்தோ உருண்டு வந்து படகை ஆட்டும். காற்றில்லாத பாய் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பட்பட்டென்று அறையும். தூங்கவும் விடாது, விழித்திருக்கவும் பிடிக்காது. டீசல் அளவாகத்தான் இருந்தது, எஞ்சினைப் போட்டு ஓடிவிடவும் வழியில்லை.

சுக்கான் பிடிக்கிற வேலைகூடக் கிடையாது, ஆட்டோ பைலட் பார்த்துக்கொள்ளும். இரவில் மூன்று மணி நேரம் காவல், ஆறு மணி நேரம் ஓய்வு. காவலில் இருப்பவர் கால் மணிக்கு ஒருமுறை எழுந்து சுற்றிலும் பார்க்க வேண்டும். அடிவானத்தில் பொட்டாகத் தெரிகிற சரக்குக் கப்பல் அரை மணிக்குள் பக்கத்தில் வந்துவிடும், அதனால்தான் அந்தக் கணக்கு. நடுவில் இருக்கிற கால் மணி இருக்கிறதே, அது நகரவே நகராது. போனில் ஏற்றிப் போகிற படமெல்லாம் கொஞ்ச நாள்தான் தாங்கும்.

என்னைக் காப்பாற்றியது கயிறு. பாயை இழுத்துப் பிடிக்கிற கயிறு கப்பியில் ஒரே இடத்தில் ராப்பகலாக உரசிக்கொண்டே இருக்கும். காலையில் அணியத்திலிருந்து, அதாவது படகின் முன்பக்கத்திலிருந்து, தொடங்கி ஒவ்வொரு கயிறாக விரலால் தடவிப் பார்ப்பேன். கண்ணுக்குத் தெரியாத நார் எழும்பல் விரல் நுனியில் சொரசொரவென்று தட்டுப்படும். தட்டுப்பட்டால் ஒரு சாண் தளர்த்தியோ இழுத்தோ உரசும் இடத்தை மாற்றிவிட வேண்டும். மொத்தமே அரை மணி வேலை. ஆனால் விட்டுவிட்டால் என்றைக்காவது நடுராத்திரியில் கயிறு அறுந்து பாய் கீழே வந்துவிடும், அதனால் தள்ளிப்போட மனசு வராது. போகிற வழியில் தளத்தில் விழுந்து கிடக்கிற பறவைக்கோலா மீனைப் பொறுக்கினால் காலைக்கு வறுவல்.

பகல் 12 மணிக்கு வரைபடத்தில் பென்சிலால் புள்ளி வைப்போம். நேற்றைய புள்ளியிலிருந்து எத்தனை மைல் என்று முன்கூட்டியே ஆளுக்கொரு எண் சொல்ல வேண்டும். ஜெயித்தவருக்குக் கடலை மிட்டாய், தோற்றவருக்குப் பாத்திரம். காற்றில்லாத நாட்களில் புள்ளிகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றன, பந்தயம் மட்டும் நிற்கவில்லை.

ஒரு வேடிக்கையும் உண்டு. கடிகாரத்தை இந்திய நேரத்திலேயே விட்டிருந்தோம். மேற்கே போகப் போக சூரியன் தினமும் சில நிமிடம் பிந்தியே எழுந்தது. கடைசியில் ஏறக்குறைய எட்டு மணிக்குத்தான் விடிந்தது. மதியச் சாப்பாட்டைக் கடிகாரப்படி சாப்பிடுவதா வயிற்றுப்படியா என்று ஒரு நாள் முழுக்க வாக்குவாதம். அன்றைக்குப் பொழுது நன்றாகப் போனது.

உங்களுக்கெல்லாம் எப்படி?

ராமேஸ்வரம் விசைப்படகு:

அண்ணே, எங்களுக்கு அலுத்துக்கொள்ள நேரமே கிடையாது. திங்கள், புதன், சனி போகிறோம், மறுநாள் காலையில் கரை. நடுவில் வலை இழுப்பு, மீன் பிரிப்பு, இலங்கை எல்லைப் பயம். சலிப்பெல்லாம் கரையில்தான். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் வந்து பாருங்கள். படகுக்குப் பெயின்ட் அடித்து, வலையைச் சரிபார்த்து முடித்த பிறகு சீட்டுக்கட்டுதான் தேய்கிறது.

கீழக்கரைக் கப்பல்காரர்:

தம்பி பாம்பன்காரர் சொன்ன கால் மணிக் கதை எனக்கு நன்றாகத் தெரியும். பெரிய சரக்குக் கப்பலில் காலமெல்லாம் 12–4 காவல் பார்த்தவன் நான், பகலிலும் நாலு மணி நேரம், நடுராத்திரியிலும் நாலு மணி நேரம். டெக்கில் வேலைக்குப் பஞ்சமில்லை. துரு தட்டு, பெயின்ட் அடி, அந்த முனைக்குப் போய்ச் சேர்வதற்குள் இந்த முனையில் மறுபடி துரு பிடித்திருக்கும். சலிப்பு வருவது வேலை முடிந்து கேபின் கதவைச் சாத்திய பிறகுதான்.

எனக்கு நாளைப் பிரித்துக் கொடுத்தது ஐந்து வேளைத் தொழுகை. கரையில் பாங்கு சத்தம் கேட்டு எழுந்து போய்விடுவோம். கப்பலில் சூரியனைப் பார்த்து நேரம் கணக்குப் போட வேண்டும், அப்புறம் கப்பல் எந்தத் திசையில் தலை வைத்திருக்கிறது என்று கப்பலை ஓட்டுகிற பிரிட்ஜில் கேட்டு கிப்லாவை, அதாவது மக்கா இருக்கும் திசையை, கண்டுபிடிக்க வேண்டும். கப்பல் திரும்பினால் முசல்லாவும் (தொழுகை விரிப்பு) திரும்பும். கணக்கும் கேள்வியுமாக அதிலேயே கொஞ்ச நேரம் போய்விடும். கிழமை தெரிவது பிரியாணி வாசத்தில். எங்கள் கப்பல்களில் ஞாயிறு மதியம் பிரியாணி என்பது எழுதாத சட்டம்.

இப்போது நிலைமை வேறு. 2024 டிசம்பரிலிருந்து, முடிந்தவரை கப்பலில் மாலுமிகளுக்கு இணைய வசதி கொடுக்க வேண்டும் என்று சர்வதேசக் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையிலேயே சேர்த்துவிட்டார்கள். வீட்டில் பேச முடிவது பெரிய நிம்மதி, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் முன்பு மெஸ் ரூமில் கேரம் போர்டைச் சுற்றி எட்டுப் பேர் நிற்பார்கள், இப்போது தட்டோடு கேபினுக்குப் போய்விடுகிறார்கள். வீட்டுச் சண்டையும் கூடவே கப்பலேறிவிடுகிறது. எனக்கென்னவோ பழைய சலிப்பே மேல் என்று தோன்றுகிறது.

தேவிபட்டினத்தான்:

கீழக்கரைக் காக்கா (அண்ணன்) சொன்னதும் என் தாத்தா ஞாபகம். தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குப் பாய்த்தோணியில் போனவர். காற்று விழுந்தால் மன்னார் வளைகுடாவிலேயே கிடப்பார்களாம். அன்றைக்குத்தான் தோணித் தலைவரான தண்டல் எல்லோரையும் விரட்டுவாராம், கிழிந்த பாயைத் தை, கயிறு திரி, தோணிக்குள் கசிகிற தண்ணீரை இறை என்று. ஆளைச் சும்மா உட்கார விட்டால் மாலைக்குள் அடிதடி வந்துவிடும் என்பது தண்டலுக்குத் தெரியும். சமைக்கிற பண்டாரிக்கு மட்டும் ஒருநாளும் சலிப்பே வந்ததில்லையாம், மூன்று வேளையும் எல்லோரிடமும் திட்டு வாங்க வேண்டியிருந்ததால்.

தங்கச்சிமடம் அக்கா:

எல்லாம் ஆம்பளைக் கதையாகவே போகிறதே! இந்தியக் கடற்படையின் தாரிணி பாய்மரப் படகில் லெப்டினன்ட் கமாண்டர்கள் தில்னாவும் ரூபாவும் 2024 அக்டோபர் 2-ஆம் தேதி கோவாவில் கிளம்பி, உலகத்தைச் சுற்றிவிட்டு 2025 மே கடைசியில் வந்து சேர்ந்தார்கள். ரூபா நம் புதுச்சேரிப் பெண். நடுவில் நாலு துறைமுகம், மற்றபடி கடல்தான். ரெண்டே பேர் என்றால் ஒருவர் தூங்கும்போது மற்றவர் விழிப்பு. ஒரே படகில் இருந்தாலும் சேர்ந்து உட்கார்ந்து பேசுகிற நேரம் எவ்வளவு இருந்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன். அதற்கு முன்னால் அபிலாஷ் டோமி 2012 நவம்பரில் மும்பையில் கிளம்பி, எங்கும் நிற்காமல், தனி ஆளாக 2013 மார்ச் கடைசியில்தான் திரும்பினார்.

இதையெல்லாம் நான் தேடிப் படித்ததற்குக் காரணம் என் தம்பி. முதல் தடவையாக, சூரை மீன் (டூனா) பிடிக்கிற ஆழ்கடல் படகில் போகப்போகிறான். வீட்டில் ஐந்து நிமிடம் சும்மா இருக்கமாட்டான். என்ன கொடுத்து அனுப்பலாம்?

பாம்பன் ஆழ்கடல்:

அக்கா, நான் அந்தப் படகில்தான் போகிறேன். மீன் பாடு இருக்கிற இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டால் தம்பிக்குச் சலிப்பே வராது. நூற்றுக்கணக்கான தூண்டிலில் கணவாயோ மீனோ இரை கோத்து விடுவதற்கே பல மணி நேரம், இழுப்பதற்கு அதைவிட அதிகம். மனசைத் தின்பது போகிற நாட்களும் வருகிற நாட்களும்தான். எஞ்சின் சத்தம் காதை அடைக்கும், பேசினாலும் கேட்காது. புதுப் பையன்கள் அப்போது பகலெல்லாம் தூங்கிவிடுவார்கள், ராத்திரி தூக்கம் வராமல் வீட்டை நினைத்துக்கொண்டு கிடப்பார்கள். அதுதான் கெடுதல். பகலில் படுக்க விடாதீர்கள் என்று டிரைவரிடம் இப்பவே சொல்லி வையுங்கள். ஐஸ் உடைக்கிற வேலையை அவனிடமே கொடுக்கச் சொல்லுங்கள்.

பாம்பன்காரன்:

அக்கா, தலையில் மாட்டுகிற டார்ச் ஒன்று வாங்கிக் கொடுங்கள், சிவப்பு வெளிச்சமும் வருகிற மாதிரி. வெள்ளை வெளிச்சம் பட்டால் அப்புறம் கொஞ்ச நேரம் இருட்டில் ஒன்றும் தெரியாது, காவலில் இருப்பவர் கத்துவார். கூடவே தங்கூசியும் (நைலான் தூண்டில் நரம்பு) சின்னத் தூண்டில் முள்ளும் கொடுங்கள், போகிற வழியில் பின்னால் விட்டுக்கொண்டு போகலாம். நோட்டு ஒன்று கொடுங்கள், எழுதவில்லை என்றாலும் பரவாயில்லை, பந்தயக் கணக்கு போட உதவும். பவர் பேங்க் பெரிதாக வேண்டாம்.

தங்கச்சிமடம் அக்கா:

பவர் பேங்க்தான் அவனே முதலில் வாங்கி வைத்திருக்கிறான் தம்பி. சரி, டார்ச்சுக்குச் சொல்லிவிடுகிறேன். சூரைக்கு எத்தனையாம் நம்பர் முள்?