கோயில் திருவிழா மேடைக்கு எந்த பேஸ் கிட்டார்?

கீழ்ஸ்தாயி (கேள்வி):
மதுரைக்கு அருகே ஒரு கோயில் திருவிழாவில் எங்கள் மெல்லிசைக் குழு அடுத்த மாதம் வாசிக்கவிருக்கிறது. திறந்தவெளி மேடை; மின்சாரம் ஜெனரேட்டரிலிருந்து வரும். பாடல்களில் பெரும்பகுதி எண்பதுகளின் இளையராஜா பாடல்கள், கடைசி ஒரு மணி நேரம் குத்துப் பாடல்கள். என்னிடம் பிரிசிஷன் வகை ஒன்று, ஜாஸ் பேஸ் வகை ஒன்று (இரண்டும் நான்கு தந்தி), பேட்டரியில் இயங்கும் ஆக்டிவ் ஐந்து தந்தி கிட்டார் ஒன்று என மூன்று இருந்தாலும், வேனில் ஒன்றுக்குத்தான் இடம். வீட்டில் வாசிக்கும்போது ஜாஸ் பேஸின் ஒலியே மனத்துக்கு நிறைவாக இருக்கிறது. மேடையிலும் அதையே நம்பலாமா?

மேடையோரம்:
என் பரிந்துரை பிரிசிஷன். ஜெனரேட்டரும் சீரியல் விளக்குகளும் டிம்மர்களும் சூழ்ந்த மேடையில் ஜாஸ் பேஸின் இரண்டு பிக்கப்களும் (தந்தியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் காந்தச் சுருள்கள்) ஒரே அளவில் திறந்திருக்கும் வரைதான் ஒன்றின் இரைச்சலை மற்றொன்று விழுங்கும். பின் பிக்கப்பின் உறுமலை விரும்பி முன்னதைச் சற்றே குறைத்தால், பாடலுக்கும் பாடலுக்கும் இடையிலான அமைதியில் 'ம்ம்ம்' என்ற ஓசை மட்டும் கூட்டத்துக்குக் கேட்கும். பிரிசிஷனில் 1957 முதல் இருந்துவரும் பிளவுபட்ட பிக்கப்பின் இரு பாதிகளும் எதிரெதிராகச் சுற்றப்பட்டிருப்பதால் இந்தத் தொல்லை பெரும்பாலும் எழுவதில்லை.

வீட்டில் தனியாகக் கேட்கும் இனிமையை வைத்து மேடை ஒலியை முடிவுசெய்ய முடியாது. அங்கே அடிப்பகுதியை கிக் டிரம்மும் கீபோர்டு வாசிப்பவரின் இடக்கையும் பிடித்துக்கொள்ளும். பேஸுக்கு மிஞ்சுவது நடுத்தர அதிர்வெண்கள், அவையே பிரிசிஷனின் பலம். அமெரிக்க பேஸ் கலைஞர் ஜேம்ஸ் ஜேமர்சன் மோட்டவுன் இசை நிறுவனத்தின் ஒலிப்பதிவுகளில் 1962ஆம் ஆண்டுப் பிரிசிஷனில், தட்டைக் கம்பி சுற்றிய மழமழப்பான ஃபிளாட்வவுண்ட் தந்திகளோடு வாசித்தவை இத்தனை வாத்தியங்களுக்கு நடுவிலும் தெளிவாகக் கேட்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஐந்தாம் தந்தி:
இரைச்சலைப் பற்றி மேலே நண்பர் சொன்னதை ஏற்கிறேன், முடிவை ஏற்கவில்லை. முதலில் கேட்க வேண்டியது பாடகரின் சுருதி. மூன்று கட்டையில் ஒரு பாடலைத் தயார் செய்துகொண்டு போகிறீர்கள். சவுண்ட் செக்கில் பாடகர் தொண்டையைச் செருமிவிட்டு, "அரைக் கட்டை இறக்கிக்கொள்வோம்" என்கிறார். (சொல்லாத பாடகரை நான் இன்னும் சந்திக்கவில்லை.) மூன்று கட்டையின் ஆதார ஸ்வரம் நான்கு தந்தி கிட்டாரின் மிகத் தாழ்ந்த திறந்த தந்தியான ஈ. இரண்டரைக் கட்டைக்கு வந்ததும் அந்தக் கீழ் ஸட்ஜம் கிட்டாரிலேயே இல்லை. ஒரு ஸ்தாயி மேலே ஏறித்தான் வாசிக்க வேண்டும்.

இளையராஜா பாடல்களில் இதனால் பெரிய நட்டமில்லை. அவர் பேஸைத் தனியொரு குரலாக எழுதுபவர். அது பெரும்பாலும் நடு ஸ்தாயியில்தான் உலவும். குத்துப் பாடலுக்கோ அடி ஸ்வரம் இல்லாவிட்டால் உயிர் போய்விடும். ஐந்து தந்தியில் கூடுதலாக இருக்கும் தாழ்ந்த பீ தந்தியின் நான்காவது ஃப்ரெட்டில் (நெக்கின் குறுக்கே பதித்த கம்பி) இரண்டரைக் கட்டையின் ஸட்ஜம் இருக்கிறது. ஐந்தாவது ஃப்ரெட்டில் மூன்று கட்டை. சுருதி இறங்கினால் கையை ஒரு ஃப்ரெட் நகர்த்தினால் போதும், விரலமைப்பு மாறாது.

அதற்காக ஆழமான ஒலி கிடைக்கும் என்று எண்ணி அதை வாங்குவோருக்கு ஒரு வார்த்தை: திறந்த பீ தந்தியின் அடிப்படை அதிர்வு 31 ஹெர்ட்ஸுக்கு அருகில் இருக்கிறது, ஈ தந்தியுடையது 41. வாடகைக்கு வரும் சப்வூஃபர்கள் பல 40க்குக் கீழே தளர்ந்துவிடும்; நாம் கேட்பது பெரும்பாலும் மேல் அதிர்வுகளைத்தான்.

ஒலிப்பலகை:
மிக்சருக்குப் பின்னால் நிற்பவன் என்ற முறையில் இரண்டு செய்திகள். ஆக்டிவ் கிட்டார் கொண்டுவந்தால், கேபிளைச் செருகியவுடன் அதன் பேட்டரி செலவாகத் தொடங்கும் என்பதை மறக்காதீர்கள். பழைய பேட்டரியோடு மாலை நான்கு மணிக்குச் செருகிவிட்டு ஊர்வலம் முடியும் வரை அப்படியே விட்டால், இரவு ஒலி பிசிறத் தொடங்கலாம். புதிய 9 வோல்ட் பேட்டரி ஒன்றைக் கூடவே வைத்திருங்கள். பேட்டரி இல்லாத பாஸிவ் கிட்டார் என்றால் நேராக மிக்சரின் லைன் இன்புட்டில் செருகக் கூடாது. பிக்கப்புக்கு உயர் மின்மறுப்பு தேவை என்பதால் மேல் ஒலிகள் மங்கிப்போகும். கிட்டாரின் சமிக்ஞையை மிக்சருக்கு ஏற்றதாக மாற்றும் நல்ல டி.ஐ. பாக்ஸைக் காலடியிலேயே வைத்து, கிட்டாரிலிருந்து அதற்குச் செல்லும் கேபிளைக் குட்டையாக வைத்துக்கொள்ளுங்கள்.

கீழ்ஸ்தாயி:
அனைவருக்கும் நன்றி. பாடகரோடு உட்கார்ந்து பட்டியலைச் சரிபார்த்தேன். கீழே போகும் பாடல்கள் அனைத்தும் கடைசி ஒரு மணி நேரத்தில்தான் வருகின்றன; அவற்றில் எதுவும் இரண்டு கட்டைக்குக் கீழே இறங்கவில்லை. ஜாஸ் பேஸ் வீட்டிலேயே இருக்கட்டும். பிரிசிஷனை எடுத்துச் சென்று, இடைவேளையில் ஈ தந்தியை மட்டும் டீ (இரண்டு கட்டை) வரை தளர்த்திக்கொண்டால் சமாளிக்க முடியுமா?

மேடையோரம்:
முடியும். ஆனால் வழக்கமான 105 அளவுத் தந்தி (0.105 அங்குலத் தடிமன்) டீ-க்கு இறங்கினால் தொளதொளத்து ஃப்ரெட்டில் படபடக்கும், 110 போட்டுக்கொள்ளுங்கள். தந்தி மாற்றினால் நெக்கின் வளைவும் சிறிது மாறும் என்பதால், அதைக் கச்சேரிக்கு ஒரு வாரம் முன்பே முடித்துவிட்டு ஒத்திகையில் டீ சுருதியிலேயே விரலைப் பழக்குங்கள். தளர்த்திய தந்தியில் ஒவ்வொரு ஸ்வரமும் இரண்டு ஃப்ரெட் மேலே தள்ளி இருக்கும். பட்டியலில் ஒரு பாடலாவது இரண்டு கட்டைக்குக் கீழே போனால் நண்பர் ஐந்தாம் தந்தி சொல்வதைக் கேளுங்கள்.