வைல்ட்கேட் தோட்டாவுக்குத் தமிழ்ச்சொல்: பரிந்துரைகள் மீது என் கருத்து

குழு நண்பர்களுக்கு வணக்கம்.

பழைய ரைஃபிள்களை இனங்காணும் கையேடு ‘வைல்ட்கேட்’ என்ற சொல்லில் வந்து முட்டிக்கொண்டு நிற்கிறது. தொழிற்சாலைகள் விற்பனைக்குச் செய்யாமல், துப்பாக்கிக் கலைஞர்களும் ஆர்வலர்களும் ஏற்கெனவே உள்ள தோட்டாவின் கூட்டை மாற்றித் தாங்களே செய்துகொள்ளும் தோட்டாவுக்குத்தான் அந்தப் பெயர். (கூடு என்பது வெடிமருந்தை அடக்கிய உலோக உறை; குண்டைப் பிடித்திருக்கும் அதன் குறுகிய முனை கழுத்து, கழுத்துக்குக் கீழே சாய்வாக அகலும் பகுதி தோள்.) இதுவரை வந்த பரிந்துரைகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

> காட்டுப்பூனைத் தோட்டா என்றே வைத்துவிடலாமே?

வேண்டாம். பூனையைச் சுடுவதற்கான தோட்டா என்றுதான் படிப்பவர் எண்ணுவார்.

> மறுவடிவத் தோட்டா. இருக்கிற கூட்டின் கழுத்தைச் சுருக்கியோ தோளை நகர்த்தியோ செய்வதுதானே?

கேட்டவுடன் பிடித்துப்போகும் சொல். எனக்கும் பிடித்தது. ஆனால் நிற்காது. .243 வின்செஸ்டர் என்ற தோட்டா, .308 என்ற தோட்டாவின் கழுத்தைச் சுருக்கிச் செய்ததுதான். 1955இல் தொழிற்சாலையே அதை விற்பனைக்குக் கொண்டுவந்துவிட்டதால் அதை யாரும் வைல்ட்கேட் என்பதில்லை. மாறாக, .30-06 கூட்டின் கழுத்தை .25 அளவுக்குச் சுருக்கிய .25-06ஐப் பாருங்கள். 1920 வாக்கில் நீட்னர் என்ற துப்பாக்கிக் கலைஞர் உருவாக்கியது. ஏறத்தாழ அரை நூற்றாண்டு வைல்ட்கேட்டாகவே இருந்து, 1969இல் ரெமிங்டன் நிறுவனம் ஏற்றுக்கொண்டபின் சாதாரணத் தோட்டாவாகிவிட்டது. அதற்காகக் கூடு உருமாறிவிடவில்லை, அதன் தகுதிநிலைதான் மாறியது. ஆகவே நமக்கு வேண்டியது வடிவத்தைச் சொல்லும் சொல் அன்று, நிலையைச் சொல்லும் சொல்.

> தனிப்பணித் தோட்டா?

தனிப்பணி என்றால் ஒருவருக்கென்று தனியே செய்தது. இது துப்பாக்கிக்குப் பொருந்தும், தோட்டாவுக்குப் பொருந்தாது. .22-250 என்ற தோட்டாவுக்கு 1963இலேயே பிரவுனிங் நிறுவனம் தொழிற்சாலை ரைஃபிள் விற்றது. தொழிற்சாலைத் தோட்டாவோ 1965இல்தான் வந்தது. இடைப்பட்ட காலத்தில் துப்பாக்கி தனிப்பணி அன்று, தோட்டா மட்டும் வைல்ட்கேட்.

> பதிவில்லாத் தோட்டா?

உரிமம் இல்லாத கள்ளத் தோட்டா என்று காவல்துறைச் செய்திபோல ஒலிக்கிறது.

என் பரிந்துரை: பட்டியலேறாத் தோட்டா. தோட்டாக்களின் அளவுகளையும் அழுத்த வரம்புகளையும் வரையறுத்து வெளியிட அமெரிக்காவில் சாமி, ஐரோப்பாவில் சிஐபி என்ற அமைப்புகள் இருக்கின்றன. (சாமி என்பது அமைப்பின் சுருக்கப் பெயர், பக்தர்கள் பொறுத்தருள்க.) அந்த வரையறைகளுக்குள் வராதது பட்டியலேறாதது. பின்னாளில் வந்துவிட்டால் ‘1969இல் பட்டியலேறியது’ என்று அதே வேரிலிருந்து வினையும் கிடைக்கிறது.

இந்தப் பெயர் எச்சரிக்கையாகவும் இருப்பது எனக்கு முக்கியம். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்கர்கள் பலர் ஜெர்மன் மௌசர் ரைஃபிள்களை ஊருக்குக் கொண்டுபோனார்கள். அவற்றுக்குரிய 8×57 தோட்டா அங்கே எளிதில் கிடைக்கவில்லை; .30-06 கூடோ தாராளமாகக் கிடைத்தது. இரண்டின் அடிவிட்டமும் ஏறத்தாழ ஒன்றே. எனவே குழலை அப்படியே வைத்துக்கொண்டு, அதன் பின்முனையில் தோட்டா அமரும் அறையை மட்டும் நீளமாகக் கடைந்து, .30-06 கூட்டின் கழுத்தை 8 மி.மீ. குண்டுக்கு விரித்துக்கொண்டார்கள். அதுதான் 8 மி.மீ.-06. அப்படிப்பட்ட ரைஃபிளின் குழலில் பழைய முத்திரை மட்டுமே இருந்தால், அதை நம்பி 8×57ஐ இட்டுச் சுடுபவருக்கு ஆபத்து. தோள் அறையில் அண்டாமல் கூடு பிளக்கலாம். வெப்பவாயு பின்னோக்கிப் பாயலாம். துப்பாக்கியோடு வந்த சுட்ட கூடும் உண்மை சொல்லாது. அதன் அடியில் பொறித்திருப்பது மூலத் தோட்டாவின் பெயர்தான்.

ஆகவே அளந்துதான் தீரவேண்டும். குண்டேறிய துப்பாக்கி அன்று என்று உறுதிசெய்துகொண்டு, குழலின் தொடக்கத்தை அடைத்து, செரோசேஃப் என்ற உலோகக் கலவையை உருக்கி அறைக்குள் ஊற்றுகிறார்கள். அது 70 முதல் 88 டிகிரி செல்சியசுக்குள் உருகிவிடும். ஆறும்போது முதலில் சற்றே சுருங்குவதால் வார்ப்பு எளிதாக வெளியே வருகிறது. பிறகு மெல்ல விரிந்து, ஒரு மணி நேரம் ஆனதும் அறையின் அளவுக்கே வந்து நிற்கிறது. அளவெடுக்க வேண்டியது அப்போதுதான். இதற்கு ‘அறைவார்ப்பு’ போதும். அறைக்குள் சுட்டே கூட்டைப் புது வடிவத்துக்கு விரியச் செய்வதற்குச் ‘சுடுவடிவாக்கம்’ என்று ஏற்கெனவே ஒருவர் எழுதியிருந்தார், அதையே எடுத்துக்கொள்ளலாம். எந்தக் கூட்டிலிருந்து பிறந்ததோ அது ‘தாய்க்கூடு’.

கையேட்டில் வரப்போகும் வாக்கியம் இப்படி இருக்கும்: “அறைவார்ப்பின்படி இந்த ரைஃபிளுக்கு உரியது பட்டியலேறாத் தோட்டா, தாய்க்கூடு .30-06, கழுத்து 8 மி.மீ. குண்டுக்கு விரிக்கப்பட்டது, தோளின் சாய்வு மாற்றப்படவில்லை.” மாற்றுச்சொல் வைத்திருப்பவர்கள் அதை இதே வாக்கியத்தில் பொருத்தி அனுப்புங்கள். ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்கிறேன்.