கோயில், பள்ளிவாசல், தேவாலயத்தில் ஓட்டுக் கேட்டால் சட்டப்படி எது தவறு, எது தவறில்லை?

பொருநைக்கரை (கேள்வி):
வணக்கம். தேர்தல் நெருங்கினால் இந்த மூன்று காட்சிகளும் தவறாமல் வருகின்றன. ஞாயிறு ஆராதனையில் அறிவிப்பு வாசிக்கும்போதே "நம் சபைக்கு நல்லது செய்கிறவருக்குப் போடுங்கள்" என்பார்கள். ஜும்மா தொழுகை முடிந்ததும் ஜமாஅத் நிர்வாகிகள் ஒரு சின்னத்தைச் சொல்வார்கள். கோயில் கொடைவிழாவில் வேட்பாளருக்குப் பரிவட்டம் கட்டி, கையில் மைக்கையும் கொடுத்துவிடுவார்கள். மூன்றும் ஒரே குற்றம்தானா? "சாமியாருக்கும் பாதிரியாருக்கும் கருத்துச் சொல்ல உரிமை இல்லையா?" என்று ஒரு தரப்பு கேட்கிறது. "மதப் பேச்சை எடுத்தாலே தேர்தல் செல்லாது" என்கிறது இன்னொரு தரப்பு. யாரிடம் புகார் கொடுப்பது, என்ன ஆதாரம் வேண்டும் என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நெடுஞ்செழியன்_வழக்கு:
இரண்டு தரப்பும் பாதிதான் சரி. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951-இல், தேர்தலைச் செல்லாமல் ஆக்கும் 'ஊழல் நடவடிக்கை'களைப் பட்டியலிடும் பிரிவு 123-ஐ எடுத்துப் படியுங்கள். மதத்தைப் பொறுத்தவரை அதில் முக்கியமாக இரண்டு கதவுகள் உண்டு. 123(3)-இன்படி மதம், சாதி, மொழியைச் சொல்லி ஓட்டுக் கேட்பது தவறு. வேட்பாளரின் மதத்தை மட்டும்தான் இது குறிக்கிறதா என்ற சந்தேகம் வெகுகாலம் இருந்தது. 2017 ஜனவரி 2 அன்று அபிராம் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் கொண்ட அமர்வு, 4-3 என்ற பெரும்பான்மையில், வாக்காளரின் மதமும் அதில் அடங்கும் என்று தீர்த்துவிட்டது.

உங்கள் கேள்விக்கு நெருக்கமானது 123(2), அதாவது தகாத செல்வாக்கு. "இவருக்குப் போடாவிட்டால் சாமி குத்தம்" என்று வாக்காளரை நம்பவைப்பதும், ஊரைவிட்டு ஒதுக்கிவைப்போம், சபையைவிட்டு நீக்குவோம் என்று மிரட்டுவதும் இதில் வரும்.

மதகுருவின் உரிமை பற்றிய பழைய தீர்ப்பு 1959-இல் வந்த ராம் தயாள் வழக்கு. பஞ்சாபின் சிர்சா தொகுதியில், சீக்கியரில் ஒரு பிரிவான நாம்தாரிகளின் தலைமைக் குரு (சத்குரு) ஒரு வேட்பாளருக்கு ஓட்டுப் போடும்படி தம் மக்களுக்கு ஆணை பிறப்பித்தார். அந்த வெற்றி செல்லாது என்றது உச்ச நீதிமன்றம். ஆனால் அதே தீர்ப்பில், மதத் தலைவரும் குடிமகன்தான், எந்த வேட்பாளர் தகுதியானவர் என்று கருத்துச் சொல்லலாம், ஆதரவும் திரட்டலாம் என்றும் சொன்னது. கேட்பவர் மறுக்க இடமில்லாதபடி, மீறினால் தெய்வக் கோபம் வரும் என்ற பயத்தோடு சொல்லும்போதுதான் அது தகாத செல்வாக்கு. ஆகவே சொன்ன ஆளைப் பார்க்காதீர்கள், சொன்ன வாசகத்தைப் பாருங்கள்.

தென்கரை மைதீன்:
வாசகத்துக்கு அடுத்தபடி இடம். இதற்குத் தனிச் சட்டமே இருப்பது பலருக்குத் தெரியாது. மத நிறுவனங்கள் (தவறான பயன்பாட்டைத் தடுத்தல்) சட்டம், 1988. வழிபாட்டு இடத்தையோ அதன் நிதியையோ அரசியலுக்குப் பயன்படுத்தக் கூடாது. அந்த நிறுவனம் நடத்தும் திருவிழா, ஊர்வலம், கூட்டத்தையும் பயன்படுத்தக் கூடாது. மீறினால் 5 ஆண்டு வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம். நிர்வாகி என்ற சொல்லில், நிர்வாகத்தைக் கையில் வைத்திருக்கும் மதகுருவும் அடங்குவார்.

வேட்பாளர் வந்து கும்பிடுவதில் தப்பே இல்லை. பரிவட்டம் கட்டுவது, விபூதி கொடுப்பது, துஆ செய்வது, தலையில் கைவைத்து ஜெபிப்பது எல்லாம் மரியாதைதான். அவர் கையில் மைக்கைக் கொடுத்த நொடியில் கோயில் கமிட்டியே சிக்கலில் மாட்டுகிறது. வழிபாட்டுத் தலங்களில் பிரசாரம் கூடாது என்று தேர்தல் நடத்தை விதியும் தனியே சொல்கிறது. கமிட்டிக்காரர்கள் இதைக் கொடை தொடங்கும் முன்பே மைக்செட்காரர் வரை சொல்லிவைப்பது நல்லது.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்கிறேன். பணத்தைக் கொடுத்துவிட்டுக் கற்பூரம் ஏற்றியோ, குலதெய்வத்தின் மேலோ சத்தியம் வாங்கும் பழக்கம். பணம் லஞ்சம். மீறினால் தெய்வம் தண்டிக்கும் என்ற பயத்தை ஊட்டினால் அது தகாத செல்வாக்கும் ஆகும். புகார் எழுதும்போது பெரும்பாலோர் பணத்தை மட்டும் எழுதிவிட்டுச் சத்தியத்தை விட்டுவிடுகிறார்கள். இரண்டையும் எழுத வேண்டும்.

பொருநைக்கரை:
மிக்க நன்றி அண்ணா. பேச்சு வாட்ஸ்அப் ஆடியோவாகத்தான் கையில் கிடைக்கிறது. அதை வைத்துத் தேர்தலையே ரத்துசெய்ய முடியுமா?

நெடுஞ்செழியன்_வழக்கு:
அதை மட்டும் வைத்து முடியாது. பேசியவர் வேட்பாளரோ அவருடைய தேர்தல் முகவரோ இல்லையென்றால், வேட்பாளர் அல்லது அந்த முகவரின் சம்மதத்தோடு பேசினார் என்று நிரூபிக்க வேண்டும். பெரும்பாலான வழக்குகள் கவிழ்வது இங்கேதான். நிரூபண அளவும் கிரிமினல் வழக்கைப் போலவே கடுமை. அவர் பேசும்போது வேட்பாளர் மேடையில் இருந்தாரா, நோட்டீஸில் பெயர் இருக்கிறதா, செலவைக் கணக்கில் காட்டினாரா என்று தேடுங்கள். வேட்புமனுத் தாக்கலுக்கு முந்திய பேச்சு கணக்கில் வராது.

கேரளத்து வழக்குகள் இரண்டைப் பாருங்கள். 2004-இல் மூவாட்டுப்புழாவில் பி.சி. தாமஸ் 529 ஓட்டில் மக்களவைக்கு ஜெயித்தார். போப், அன்னை தெரசா படங்களோடு தம் படத்தையும் சேர்த்து அச்சடித்த காலண்டர்கள் அந்த வழக்கில் பெரிய ஆதாரமாயின. வெற்றி செல்லாது என்று 2006-இல் உயர் நீதிமன்றம் சொன்னது. 2021-இல் திருப்பூணித்துறையில் கே. பாபு 992 ஓட்டில் ஜெயித்தார். ஐயப்பன் படம் போட்ட சீட்டு விநியோகித்ததாக வழக்கு. நிரூபிக்கவில்லை என்று 2024-இல் தள்ளுபடி. சாமி படம் இருந்தது என்று சொல்வது போதாது, அதை வேட்பாளரோடு கட்டிவைக்கும் ஆதாரம் வேண்டும்.

தேர்தல் வழக்கை உயர் நீதிமன்றத்தில், முடிவு அறிவித்த நாளிலிருந்து 45 நாளுக்குள் போட வேண்டும். ஒரு நாள் தாமதித்தாலும் மன்னிப்பு கிடையாது. தோற்ற வேட்பாளர்தான் போட வேண்டும் என்பதில்லை, அந்தத் தொகுதி வாக்காளர் யாரும் போடலாம். காப்புத் தொகை 2,000 ரூபாய். ஊழல் நடவடிக்கை என்று குற்றம் சாட்டினால் படிவம் 25-இல் பிரமாணப் பத்திரம் தர வேண்டும். யார், எந்தத் தேதியில், எந்த இடத்தில், என்ன சொன்னார் என்று எழுத வேண்டும். "பல கோயில்களில் பேசினார்" என்றால் அந்தக் குற்றச்சாட்டு விசாரணைக்கே போகாது.

கமலா_திருச்சி:
ஆதாரம் பற்றி நான் சேர்க்கிறேன். ஃபார்வேர்டு ஆகி வந்த ஆடியோவை நீதிமன்றம் எளிதில் ஏற்காது. முதலில் பதிவுசெய்தவரைக் கண்டுபிடித்து, அந்த ஃபோனையே பத்திரப்படுத்தச் சொல்லுங்கள். கோப்பை வெட்டக் கூடாது, சத்தம் கூட்டக் கூடாது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதிநியமத்தின் (புதிய சாட்சியச் சட்டம்) பிரிவு 63-இன்படி, இரண்டு பகுதிகள் கொண்ட சான்றிதழ் வேண்டும். ஒன்றைத் தருபவர் பதிவுசெய்தவர், மற்றதில் கையெழுத்திடுபவர் நிபுணர். கோப்பின் ஹாஷ் மதிப்பும் (கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் குறியீடு) அதில் இருக்க வேண்டும். கூடவே, நேரில் கேட்ட இரண்டு பேராவது சாட்சி சொல்ல முன்வர வேண்டும். அதே சபையைச் சேர்ந்தவர் நாளைக்குக் கல்யாணத்துக்கும் அடக்கத்துக்கும் அதே குருவிடம் போக வேண்டியவர் என்பதால் கூண்டேறத் தயங்குவார். அதனால் பேச்சு நடந்த அன்றே சாட்சிகளின் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள்.

உடனே தடுத்து நிறுத்துவதே நோக்கம் என்றால், விதிமீறலைப் புகார்செய்யத் தேர்தல் ஆணையம் தரும் சி-விஜில் செயலி வசதி போதும். அதிலிருந்தபடியே எடுத்த படமோ ஆடியோவோ வீடியோவோதான் ஏறும், கேலரியில் இருப்பது ஏறாது. 100 நிமிடத்துக்குள் நடவடிக்கை என்பது அதன் கணக்கு. வாட்ஸ்அப் ஆடியோ என்றால் தேர்தல் நடத்தும் அலுவலரிடம் எழுத்தில் கொடுத்து, ஒப்புகை வாங்குங்கள். அந்த ஒப்புகைச் சீட்டு பின்னால் தேர்தல் வழக்கிலும் உதவும்.

தென்கரை மைதீன்:
"நான் வேட்பாளரே இல்லை, என்னை என்ன செய்யும்?" என்று பேசுகிறவர்களுக்கு ஒரு தகவல். சிவசேனைத் தலைவர் பால் தாக்கரே வேட்பாளர் இல்லை. 1987 மும்பை விலே பார்லே இடைத்தேர்தலில் ரமேஷ் பிரபுவுக்காகப் பேசினார். 1995 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் அந்த வெற்றி செல்லாது என்று உறுதிசெய்தது. பேசிய தாக்கரேவுக்கு 6 ஆண்டு ஓட்டுரிமையே போனது. வேட்பாளர் அல்லாதவரை 1951 சட்டத்தின் பிரிவு 99-இன்படி நோட்டீஸ் கொடுத்து விசாரித்துத்தான், ஊழல் நடவடிக்கை செய்தவர் என்று தீர்ப்பில் பெயர் சேர்க்க முடியும்.

ஆனால் காலத்தைக் கவனியுங்கள். தேர்தலிலிருந்து இறுதித் தீர்ப்புக்கு எட்டு ஆண்டு. உயர் நீதிமன்றம் 6 மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டத்தில் இருந்தும் இந்த நிலை. என்னைக் கேட்டால், கொடைக்கும் ஜும்மாவுக்கும் முன்பே நிர்வாகிகள் கையில் 1988 சட்டத்தின் நகலைக் கொடுப்பது இந்த வழக்குகளைவிட அதிகப் பலன் தரும்.