திபேரியஸ் டெனாரியஸ்: பழைய முலாம் காசா, இன்றைய வார்ப்பா?

இணைய ஏலத்தில் எடுத்தது, ரோமப் பேரரசர் திபேரியஸ் (ஆட்சி கி.பி. 14–37) காலத்து டெனாரியஸ் என்னும் வெள்ளிக் காசு; பின்பக்கத்தில் ‘போன்டிஃப் மாக்சிம்’ என்று பொறித்த வகை. எடைதான் இடிக்கிறது: 3.7 கிராமுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டியது 3.02. விட்டம் 18 மி.மீ., அது சரி.

காந்தம் ஒட்டவில்லை. நூலில் கட்டித் தண்ணீரில் தொங்கவிட்டுப் பார்த்த ஒப்படர்த்தி 9.2, நல்ல வெள்ளி 10-ஐத் தாண்டும், ஆக உள்ளே செம்பு. விளிம்பில் வெள்ளித் தோல் உரிந்து பச்சை பூத்திருக்கிறது. இதோடு நின்றிருந்தால் அக்காலத்து முலாம் காசு என்றே முடிவு கட்டலாம். ஆனால் 10 மடங்கு லென்சில் எழுத்துகளின் அடியில் ஊசிமுனை அளவு உருண்டைக் குழிகள். அரிப்புக் குழி பொதுவாக இவ்வளவு வட்டமாக வராது; வார்ப்பில் சிக்கிய காற்றுக் குமிழியோ என்று சந்தேகம். ஆனாலும் விளிம்பில் வார்ப்பின் ஒட்டுக்கோடோ, அதை மறைக்க அரம் ஓடிய தடமோ இல்லை. தெரிந்த போலிகளின் படங்களோடு அச்சு ஒத்துப்போகவில்லை. விற்றவர் தந்த சான்றிதழ் வெறும் காகிதம்.

திருப்பி அனுப்பும் கெடு இந்த வாரத்தோடு முடிகிறது. காசைச் சுரண்டாமல், அந்தக் குழிகள் வார்ப்பில் வந்தவையா அரிப்பில் வந்தவையா என்று உறுதி செய்ய என்ன வழி?